லெட்ஜர்ல ஒரு அக்கவுண்ட் விட்டுப்போனா டிரையல் பேலன்ஸ் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர்ல பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், மஸ்ஜிட் இந்தியா பக்கம் சின்ன வியாபாரம் பண்றவங்க, அவங்க கடையில கணக்கு பாக்குற பிள்ளைங்க, எஸ்பிஎம்ல கணக்கியல் எடுத்திருக்க மாணவர்கள், இவங்க எல்லாரும் வருஷக் கடைசியில மாத்தி மாத்தி கேக்குற கேள்விங்க இது. எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் இருக்கட்டுமேன்னுதான் எழுதுறேன். தேவையான கேள்விய மட்டும் படிச்சாலும் சரி, ஆனா கீழ இருக்க உதாரணத்த மட்டும் தாண்டிப் போயிடாதீங்க, மத்த பதிலெல்லாம் அத வச்சுத்தான்.

டிரையல் பேலன்ஸ்னா என்ன, சுருக்கமா சொல்லுங்க?

லெட்ஜர்ல, அதாவது ஒவ்வொரு அக்கவுண்டையும் தனித்தனியா எழுதி வைக்கிற பேரேட்டுல, இருக்க ஒவ்வொரு அக்கவுண்டோட மீதியையும் ஒரு தேதியில எடுத்து, டெபிட் மீதி ஒரு பக்கம், கிரெடிட் மீதி இன்னொரு பக்கம்னு எழுதி கூட்டிப் பாக்குற லிஸ்ட். பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க இம்பாங்கான் டுகான்னு படிக்கிறது இதத்தான். ஒவ்வொரு வரவு செலவையும் ரெண்டு இடத்துல எழுதியிருக்கோம், அதனால ரெண்டு பக்கமும் ஒரே தொகை வரணும், இதுதான் அதோட முழு அடிப்படை. 1494ல வெனிஸ்ல லூக்கா பச்சோலி அச்சுல கொண்டுவந்த புத்தகத்துலயே ரெண்டு பக்கத்தையும் கூட்டிப் பாரு, சமமா வரலன்னா லெட்ஜர்ல தப்பு இருக்குன்னு எழுதியிருக்காரு. நம்ம லெபோ அம்பாங் செட்டியார் கிட்டங்கிகள்ல பேரேட்டுல இருந்து ஐந்தொகை எடுத்தவங்களுக்கும் இந்தப் பொருத்தம் பாக்குறது பழக்கமான வேலைதான்.

அது ஒரு லிஸ்ட்ங்கிறத மட்டும் நல்லா மனசுல வச்சுக்குங்க. லிஸ்ட்ல பேர் விட்டுப்போகலாம், ஆனா லெட்ஜர்ல அந்த அக்கவுண்ட் பத்திரமா இருக்கும். லெட்ஜர்லயே எழுதாம விடுறது வேற கதை. இந்த ரெண்டையும் குழப்பிக்கிறதுனாலதான் பாதி கேள்வியே வருது.

ஒரு உதாரணம் வேணும், நம்ம கடை மாதிரி.

பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு துணிக்கடைன்னு வச்சுக்குவோம், தையலுக்கு மாசம் 3,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்துல ஒரே ஒரு ஆள், கடை வாடகை மாசம் 2,500. டிசம்பர் 31ல லெட்ஜர் மீதிங்க இப்படி, எல்லாம் வெள்ளியில:

டெபிட் பக்கம்: கையில கேஷ் 1,850, பேங்க் 14,200, கடன்ல துணி வாங்கினவங்க தரவேண்டியது 6,400, வருஷ ஆரம்ப ஸ்டாக் 22,000, தையல் மெஷின், அலமாரி எல்லாம் 18,000, கொள்முதல் 96,500, வாடகை 30,000, சம்பளம் 36,000, முதலாளி பங்கு இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) 4,680, கரண்ட் தண்ணி 2,370, வாடகை டெபாசிட் 7,500, முதலாளி சொந்த செலவுக்கு எடுத்தது 24,000. மொத்தம் 263,500.

கிரெடிட் பக்கம்: முதல் (முதலாளி கடையில போட்ட மூலதனம்) 50,000, விற்பனை 193,000, சப்ளையருங்களுக்கு கொடுக்கவேண்டியது 12,900, மெஷின் மேல சேர்ந்திருக்க தேய்மானம் 5,400, கட்டவேண்டிய இபிஎஃப் 720, கொள்முதல் திருப்பி அனுப்பினது 1,480. மொத்தம் 263,500.

ரெண்டும் டேலி. (சொக்சோங்கிற தொழிலாளர் காப்புறுதி மாதிரி மத்த பிடித்தம் எல்லாம் கணக்கு சின்னதா இருக்கட்டும்னு சேர்க்கல.)

சரி, இதுல ஒரு அக்கவுண்ட லிஸ்ட்ல எழுத மறந்துட்டா?

எந்த பக்கத்து அக்கவுண்டோ அந்தப் பக்கம் மட்டும் அந்த மீதி அளவுக்கு குறையும், அவ்வளவுதான். வாடகை டெபாசிட் 7,500 விட்டுப்போச்சுன்னா டெபிட் 256,000, கிரெடிட் அதே 263,500, வித்தியாசம் சரியா 7,500. கட்டவேண்டிய இபிஎஃப் விட்டுப்போச்சுன்னா கிரெடிட் பக்கம் 720 குறைச்சலா வரும்.

அதனால வித்தியாசம் வந்தா முதல் வேலை, உடனே எல்லா பில்லையும் கொட்டி உக்காரக் கூடாது. அந்த வித்தியாசத் தொகைய எடுத்துக்கிட்டு லெட்ஜர புரட்டுங்க, அதே மீதியோட ஒரு அக்கவுண்ட் இருக்கான்னு பாருங்க, இருந்து அது லிஸ்ட்ல இல்லாட்டி கிடைச்சுருச்சு. அஞ்சு நிமிஷ வேலை. எந்தப் பக்கம் குறைச்சலோ அந்தப் பக்கத்து அக்கவுண்ட மட்டும் தேடினா போதும், பாதி வேலை அதுலயே குறையும்.

வித்தியாசம் 15,000 வருது, ஆனா 15,000ன்னு எந்த அக்கவுண்டும் இல்லையே?

ரெண்டால வகுங்க. 7,500. டெபாசிட் விட்டுப்போகல, தப்பான பக்கத்துல எழுதியாச்சு. வாங்கின டெபாசிட்னு நெனச்சு கிரெடிட்ல போட்டா டெபிட் 256,000, கிரெடிட் 271,000 ஆயிடும். ஒரு பக்கம் குறைஞ்சு மறுபக்கம் கூடுறதால ரெண்டு மடங்கா தெரியுது. நாம கடை ஓனருக்கு கட்டின டெபாசிட் நம்ம சொத்து, ஒரு நாள் கடைய காலி பண்ணா திரும்ப வரவேண்டிய காசு, அது டெபிட்தான்.

வித்தியாசம் 9ஆல மீதியில்லாம போச்சுன்னா இலக்கம் இடம் மாறியிருக்கும்னு சந்தேகப்படலாம், 6,400ஐ 4,600ன்னு எழுதினா 1,800 வித்தியாசம், அது 9ஆல போகும். ஆனா நம்ம 7,500 மாதிரி 9ஆல போகாத தொகைன்னா இந்த வழிய விட்டுட்டு நேரா விட்டுப்போன அக்கவுண்டத் தேடுங்க.

ரெண்டு அக்கவுண்ட் விட்டுப்போனா?

இங்கதான் ஆளுங்க ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து தலைய பிச்சுக்குவாங்க. ஒரே பக்கத்துல ரெண்டு விட்டுப்போனா வித்தியாசம் ரெண்டோட கூட்டுத்தொகை. எதிர் எதிர் பக்கம்னா ஒண்ணுல இருந்து இன்னொண்ண கழிச்ச தொகை. உதாரணத்துல டெபாசிட் 7,500ம் தேய்மானம் 5,400ம் சேர்ந்து விட்டுப்போச்சுன்னு வைங்க. டெபிட் 256,000, கிரெடிட் 258,100, வித்தியாசம் 2,100. லெட்ஜர் முழுக்க தேடினாலும் 2,100ன்னு ஒரு அக்கவுண்டும் கிடைக்காது, ரெண்டால வகுத்து 1,050 தேடினாலும் கிடைக்காது, 9ஆலயும் போகாது. 2,100ஐ பாத்தா சின்ன தப்பு மாதிரி தெரியும், உண்மையில விட்டுப்போனது அத விட எவ்வளவோ பெரிய தொகை. வித்தியாசம் சின்னதா இருந்தா தப்பும் சின்னதுன்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு நம்பாதீங்க.

இந்த நேரத்துல தொகைய வச்சு தேடுறது வேலைக்கு ஆகாது, பேர வச்சு தேடணும். லெட்ஜர்ல முதல் பக்கத்துல இருந்து ஒவ்வொரு அக்கவுண்டையும் லிஸ்ட்ல டிக் பண்ணிக்கிட்டே வாங்க. அதோட போன வருஷத்து டிரையல் பேலன்ஸ பக்கத்துல வச்சு ஒவ்வொரு பேரா ஒப்பிடுங்க, போன வருஷம் இருந்து இந்த வருஷம் காணாமப்போன பேரு எதுன்னு கேளுங்க. வாடகை டெபாசிட் மாதிரி வருஷக்கணக்கா அசையாம கிடக்குற அக்கவுண்ட் இதுலதான் மாட்டும். எனக்கு கேட்டா வித்தியாசம் வந்தாலும் வராட்டியும் எல்லாரும் கட்டாயம் செய்யவேண்டிய ஒரே சோதனை இந்த ஒப்பிடுறதுதான்.

ரெண்டு பக்கமும் டேலி ஆயிடுச்சு. அப்ப எதுவும் விட்டுப்போகலன்னு அர்த்தமா?

இல்லவே இல்ல. டேலி ஆனா டெபிட்டும் கிரெடிட்டும் சமம்னு மட்டும்தான் அர்த்தம். எல்லாம் எழுதியாச்சுன்னு அது சொல்லல.

டிசம்பர்ல சப்ளையர் கிட்ட கடனுக்கு 3,600 வெள்ளிக்கு துணி எடுத்த பில், டிராயர்லயே கிடந்து கணக்குல ஏறவே இல்ல. கொள்முதல்லயும் 3,600 குறைவு, சப்ளையர் கடன்லயும் 3,600 குறைவு, டிரையல் பேலன்ஸ் 267,100ல டேலி ஆகவேண்டியது 263,500ல அழகா டேலி ஆகும். துணி கடையில இருக்கு, வருஷக் கடைசி ஸ்டாக் எண்ணும்போது அதையும் சேர்த்து எண்ணியிருப்பீங்க, அதனால லாபம் 3,600 கூடுதலா தெரியும். அந்த லாபத்துக்கு வரி வேற கட்டுவீங்க.

இபிஎஃப் விஷயத்துல இது இன்னும் நுணுக்கமா வரும், கொஞ்சம் கவனமா பாருங்க. 3,000 வெள்ளி சம்பளத்துல தொழிலாளி பங்கு 11 சதவீதம், 330. முதலாளி பங்கு, சம்பளம் 5,000 வரைக்கும் 13 சதவீதம், அதாவது 390. டிசம்பர் சம்பளத்துக்கான 720ஐ ஜனவரி 15க்குள்ள கட்டணும், அதனால டிசம்பர் 31ல அது நம்ம கடன். இப்ப மூணு மாதிரி தப்பு நடக்கலாம். கட்டவேண்டிய இபிஎஃப் அக்கவுண்ட லிஸ்ட்ல விட்டா 720 வித்தியாசம் வரும், உடனே தெரிஞ்சிடும். முதலாளி பங்கு 390க்கு பதிவே போடலன்னா செலவு 390 குறைவு, கடனும் 390 குறைவு, டேலி ஆகிடும், யாருக்கும் தெரியாது. மூணாவது, அந்த 390ஐ செலவுல மட்டும் எழுதிட்டு கடன் பக்கம் எழுத மறந்தா 390 வித்தியாசம் வரும், ஆனா 390ன்னு மீதி உள்ள அக்கவுண்ட் லெட்ஜர்ல எங்கயும் இருக்காது, கட்டவேண்டிய இபிஎஃப் 330னுதான் காட்டும். ஒரே ஒரு ஆளோட ஒரு மாச சம்பளத்துலயே இவ்வளவு இருக்குன்னா பத்து ஆளு வச்சிருக்க கடைய யோசிச்சுப் பாருங்க.

முதல் எவ்வளவுன்னு யாருக்குமே தெரியல, வித்தியாசத்த முதல்னு போட்டுக்கலாமா?

சின்ன கடைங்கள்ல இது ரொம்ப நடக்குது, பரிட்சையிலயும் முதல கண்டுபிடின்னு கேள்வி வரும். டெபிட் மொத்தம் 263,500, முதல தவிர்த்து கிரெடிட் 213,500, ஆக முதல் 50,000. பரிட்சைக்கு சரியான விடை.

நிஜக் கடையில இது ஆபத்தான பழக்கம். டெபாசிட்டும் விட்டுப்போயிருந்தா டெபிட் 256,000தான் வரும், நீங்க 213,500ஐ கழிச்சு முதல் 42,500ன்னு எழுதிடுவீங்க, டிரையல் பேலன்ஸும் 256,000ல டேலி ஆயிடும். 7,500 வெள்ளி சொத்து கணக்குல இருந்தே காணாமப் போச்சு, அத காட்டிக் கொடுக்கவேண்டிய வித்தியாசத்த நீங்களே முதல் அக்கவுண்ட்ல போட்டு மூடிட்டீங்க. எந்த அக்கவுண்ட வித்தியாசத்துக்கு நிரப்பியா பயன்படுத்துறீங்களோ அது விட்டுப்போன அத்தனையையும் முழுங்கிடும். முதல தனியா நிரூபிக்கணும்: போன வருஷ ஆரம்பத்து முதல், அதோட போன வருஷ லாபம், புதுசா போட்ட காசு, அதுல போன வருஷம் முதலாளி எடுத்தத கழிச்சுன்னு நடந்தபடி வரணும். பழைய கணக்கே இல்லன்னா வருஷ ஆரம்பத்து சொத்து, கடன் லிஸ்ட் ஒண்ணு போட்டு அதுல இருந்து எடுங்க, அதுக்காக ஒரு நாள் செலவானாலும் பரவாயில்ல.

எந்தெந்த அக்கவுண்ட் அதிகமா விட்டுப்போகும்?

கேஷும் பேங்கும்தான் முதல்ல. காரணம், கையால எழுதுற இடத்துல கேஷ் புக் தனி புத்தகமா இருக்கும், லெட்ஜர மட்டும் புரட்டி லிஸ்ட் எடுத்தா அது ரெண்டும் வராது. பெட்டி கேஷும் அப்படித்தான், டின்ல இருக்க 200 வெள்ளி யாருக்கும் ஞாபகம் வராது.

அடுத்து அசையாம கிடக்குற அக்கவுண்டுங்க: வாடகை டெபாசிட், மின்சாரத்துக்கு கட்டின டெபாசிட், சேர்ந்த தேய்மானம். அடுத்து சின்னச் சின்ன எதிர்ப்பக்க அக்கவுண்டுங்க, கொள்முதல் திருப்பினது, கொடுத்த தள்ளுபடி, வாங்கின தள்ளுபடி. முதலாளி எடுத்த காசும் விட்டுப்போகும், ஏன்னா நிறைய அண்ணன்மாருங்க அத செலவாவும் நெனைக்கிறதில்ல, கணக்காவும் நெனைக்கிறதில்ல.

கடன்காரங்க லிஸ்ட்ட தனியா சொல்லணும். கடன்ல வாங்கினவங்க முப்பது பேரு தனித்தனி பக்கத்துல இருந்தா அதுல ஒருத்தரோட பக்கம் விட்டுப்போறது ரொம்ப சாதாரணம். அதனாலதான் மொத்தத்துக்கு ஒரு கன்ட்ரோல் அக்கவுண்ட் வைக்கச் சொல்றது. டிரையல் பேலன்ஸ்ல கன்ட்ரோல் அக்கவுண்ட் தொகை போகும், தனித்தனி ஆளுங்க லிஸ்ட் அந்தத் தொகைக்கு வருதான்னு பக்கத்துல சரி பாக்கணும். ரெண்டையும் சேர்த்து டிரையல் பேலன்ஸ்ல போட்டுடாதீங்க, ஒரே கடன் ரெண்டு தடவை வந்துடும்.

வருஷக் கடைசி ஸ்டாக் லிஸ்ட்ல இல்லையே, அது விட்டுப்போனதா?

இல்ல. கொள்முதல் அக்கவுண்ட் தனியா வச்சு வருஷக் கடைசியில சரக்க எண்ணுற கடையில, டிரையல் பேலன்ஸ்ல ஆரம்ப ஸ்டாக்தான் இருக்கும். கடைசி ஸ்டாக் எண்ணினதுக்கு அப்புறம் லாப நட்டக் கணக்குக்கும் பேலன்ஸ் ஷீட்டுக்கும் கொண்டு வருவோம். விற்க விற்க ஸ்டாக்க குறைக்கிற சிஸ்டம்னா மட்டும் அன்னைய தேதி ஸ்டாக் லெட்ஜர்லயே இருக்கும்.

மீதி பூஜ்யமா இருக்க அக்கவுண்ட விடலாமா?

விடலாம், கூட்டுத்தொகை மாறாது. ஆனா அது நிஜமாவே பூஜ்யமான்னு பாத்துட்டு விடுங்க.

சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல வித்தியாசத்த போட்டுட்டு போகலாமா?

தற்காலிகமா போடலாம், அதுக்குத்தான் அது இருக்கு. டெபிட் 7,500 குறைஞ்சா சஸ்பென்ஸ் டெபிட் 7,500. ஆனா கண்டுபிடிக்கிற வரைக்கும்தான். அத பேலன்ஸ் ஷீட் வரைக்கும் இழுத்துக்கிட்டு போனா ஆடிட்டர் முதல்ல அதத்தான் கேப்பாரு, கேக்கவும் வேணும்.

இங்க ஒரு விஷயம் பலபேர் தப்பா செய்றாங்க. டெபாசிட் லெட்ஜர்ல 7,500 ஒழுங்கா இருக்கு, லிஸ்ட்ல மட்டும்தான் விட்டுப்போச்சு. கண்டுபிடிச்சதும் டெபாசிட் டெபிட், சஸ்பென்ஸ் கிரெடிட்னு லெட்ஜர்ல பதிவு போட்டா டெபாசிட் 15,000 ஆயிடும், புது தப்பு. லிஸ்ட்ல டெபாசிட்ட சேர்த்துட்டு சஸ்பென்ஸ எடுத்துட்டா வேலை முடிஞ்சது. லெட்ஜர்லயே ஒரு பக்கம் எழுதாம விட்டிருந்தா, மேல சொன்ன 390 மாதிரி, அப்பதான் சஸ்பென்ஸுக்கு எதிரா பதிவு தேவை. பரிட்சையில எப்படி எழுதணும்கிறத உங்க டீச்சர் கிட்ட கேட்டுக்குங்க, விடை எழுதுற முறை கொஞ்சம் மாறும்.

நாங்க சாப்ட்வேர் பயன்படுத்துறோம், எங்களுக்கு இந்தப் பிரச்சனை இல்லதானே?

ஒரு பக்கம் மட்டும் பதிவு போட சாப்ட்வேர் விடாது, அதனால உள்ள இருக்க டிரையல் பேலன்ஸ் எப்பவும் டேலி ஆகும். அதுவே நிறைய பேர தூங்க வச்சிடுது. டிராயர்ல கிடக்குற பில் சாப்ட்வேருக்கு எப்படி தெரியும்?

விட்டுப்போறது எக்ஸலுக்கு எடுக்கும்போதுதான் நடக்குது. பில்டர் போட்டு சில வரிசை மறைஞ்சிருக்கும், இல்ல புதுசா ஒரு அக்கவுண்ட் சேர்த்து கடைசி வரிசையில எழுதியிருப்பீங்க, கூட்டல் பார்முலா அதுக்கு மேல வரைக்கும்தான் போயிருக்கும். இன்னொண்ணு, புது அக்கவுண்ட் கோட் திறந்துட்டு அத பேலன்ஸ் ஷீட்ல எந்தக் குரூப்புலயும் சேர்க்காம விடுறது. டிரையல் பேலன்ஸ்ல அது இருக்கும், பேலன்ஸ் ஷீட்ல இருக்காது. பேலன்ஸ் ஷீட் டேலி ஆகலன்னா முதல்ல இத பாருங்க.

விட்டுப்போனதால லாபம் மாறுமா?

எந்த அக்கவுண்ட்ங்கிறத பொறுத்தது. டெபாசிட், பேங்க், கடன் மாதிரி பேலன்ஸ் ஷீட் அக்கவுண்ட் விட்டுப்போனா லாபம் மாறாது, சொத்தும் கடனும் தப்பா இருக்கும். வாடகை 30,000 விட்டுப்போய் அந்த வித்தியாசம் சஸ்பென்ஸ்ல உக்காந்தா லாபம் 30,000 கூடுதலா வந்துடும், கடைக்கு அவ்வளவு லாபம் இல்லவே இல்லன்னு முதலாளிக்கே தெரியும்.

எவ்வளவு நாள் இந்த புத்தகத்த எல்லாம் வச்சிருக்கணும்?

வருமான வரி சட்டப்படி 7 வருஷம். செண்டிரியான் பெர்ஹாட்டா (தனியார் கம்பெனியா) இருந்தா 2016 கம்பெனி சட்டமும் 7 வருஷம்னுதான் சொல்லுது, அதோட ஒரு வரவு செலவு முடிஞ்சு 60 நாளைக்குள்ள கணக்குல எழுதணும்னும் சொல்லுது. அந்த 60 நாள நிஜமாவே கடைப்பிடிச்சா டிராயர்ல பில் தங்குறது பெரும்பாலும் நின்னுடும்.

போன வருஷம் விட்டுப்போனத இப்பதான் பாத்தோம், என்ன பண்றது?

போன வருஷ லிஸ்ட்ட ரப்பர் வச்சு அழிச்சு எழுதாதீங்க. பேலன்ஸ் ஷீட் அக்கவுண்டா இருந்தா இந்த வருஷ ஆரம்ப மீதிய திருத்தி, எதுக்கு திருத்தினோம்னு ஒரு வரி எழுதி, ஆதாரத்த, டெபாசிட்னா வாடகை ஒப்பந்தத்தோட நகல, சேர்த்து வைங்க. செலவோ வருமானமோ விட்டுப்போயிருந்தா போன வருஷ லாபம் மாறுது, கட்டின வரியும் மாறலாம், அத நீங்களா முடிவு பண்ணாம வரி பாக்குற ஏஜென்ட் கிட்ட ரெண்டு வருஷ டிரையல் பேலன்ஸையும் கொண்டுபோய் காட்டுங்க.